வலைக்கும் ஒரு பங்கு

காரைக்காலுக்குப் பெட்டியோடு வந்து இறங்குகிறவர் எவராக இருந்தாலும் அவருக்கு ஏழரைச் சனி நடக்கிறது என்பது அந்த ஊர் ஆட்டோக்காரர்களின் தீர்மானம். பேருந்து நிலையத்தில் என் பெட்டியை வாங்கி உள்ளே வைத்த செல்வத்திடம் தெருப் பெயர், பக்கத்துப் பள்ளிவாசல், வீட்டு எண் எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னேன். அவரும் தெளிவாகத் தலையாட்டினார். இருபுறமும் நெல்வயல் வர ஆரம்பித்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

"வீடு ஊருக்குள்ளே இருக்கிறது என்றார்களே?"

"அங்க அப்பறம் போவலாம் சார். வெளிநாட்டுலேர்ந்து வந்துருக்கீங்க, மொதல்ல திருநள்ளாறு. எல்லாரும் அப்புடித்தான்."

திருநள்ளாற்றில் இறங்கியதும் நான்கு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் கையில் நல்லெண்ணெய்ப் பாக்கெட், ஒருவர் கையில் எள் முடிச்சு, ஒருவர் கையில் லாட்ஜ் சாவி, நான்காமவர் கையில் ஒன்றுமில்லை. அவர் என்ன ராசி என்று கேட்டார். தெரியாது என்றேன். செல்வம் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் உண்மையான கவலை இருந்தது.

"ராசியே தெரியாமயா சார் மலேசியாவுல இத்தன வருசம் விட்டு வச்சுருந்தாங்க?"

பினாங்கில் எங்களுக்கு அடையாள அட்டை எண்தான் ராசி என்று சொன்னால் இன்னும் கலங்கிவிடுவார் என்று விட்டுவிட்டேன். வந்ததுதான் வந்தோம் என்று குளத்தில் காலை மட்டும் நனைத்துக்கொண்டேன். அது பாதிப் பரிகாரம்தான் என்றும், மீதிப் பாதிக்கு ஊர் திரும்புவதற்குள் வந்தாக வேண்டும் என்றும் செல்வம் கணக்குச் சொன்னார்.

மாலையில் காரைக்கால் லாட்ஜில் அறை எடுத்தபோது மேலாளர் பேரேட்டைத் திறந்து, "வந்த நோக்கம்? கோயிலா, இல்ல மத்ததா?" என்று கேட்டார். 'மத்தது' என்பது தெருவில் வரிசையாக இருந்த மதுக்கடைகள். பக்கத்து மாவட்டங்களைவிட இங்கே சரக்கு மலிவாம். இரண்டும் இல்லை, ஒரு மென்பொருள் விஷயமாக ஒரு டீச்சரைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் சிறிது யோசித்துவிட்டு 'கோயில்' என்று எழுதினார்.

நோக்கத்தை உங்களிடமாவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். நான் பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வகத்தில் ஆராய்ச்சி உதவியாளன். மீன்முட்டைகள் காற்றிலும் நீரோட்டத்திலும் எங்கே அடித்துச் செல்லப்படுகின்றன என்பது எங்கள் ஆராய்ச்சி. முட்டை ஒவ்வொன்றின் பின்னாலும் படகில் போக முடியாது. அதைக் கணித்துச் சொல்ல 'மிதவை' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அது திறந்த மூல மென்பொருள். அதாவது, உள்ளே இருக்கும் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், காசில்லாமல் பயன்படுத்தலாம். நாங்கள் கடைசிச் சொல்லை மட்டும் மிக ஒழுங்காகக் கடைப்பிடித்து வந்தோம். அதை எழுதியவர் காரைக்காலில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தும் மெஹருன்னிசா என்ற டீச்சர். தனி ஆள்.

எங்கள் பேராசிரியர் அப்போது மூன்றாண்டு ஆராய்ச்சிக்குப் பெரிய மானியம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கவிருந்தார். மிதவை நின்றுவிட்டால் ஆராய்ச்சியும் நின்றுவிடும் என்பதால், மூன்று ஆண்டுகளுக்கு அதைத் தடையின்றிப் பராமரிப்பதாக டீச்சரிடம் ஒரு கடிதம் வாங்கி இணைக்க வேண்டும். மின்னஞ்சலில் கேட்டோம், பதில் வரவில்லை. விண்ணப்பம் அடுத்த திங்கட்கிழமை போயாக வேண்டும். ஆகவே நான். கையில் கடிதம், பெட்டியில் பேராசிரியர் கொடுத்தனுப்பிய நினைவுக் கேடயம். வெள்ளீயத்தில் வார்த்த கேடயம், நல்ல கனம்.

செவ்வாய்க்கிழமை செல்வம் மறு பேச்சில்லாமல் சரியான வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். கதவைத் திறந்தது டீச்சரின் அம்மா. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நான் யார் என்று கேட்பதற்கு முன்பே, "வாங்க தம்பி, பசியாறிட்டீங்களா?" என்றார்.

எங்கள் பினாங்கிலும் காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறல் என்றுதான் பெயர். விமானம் இறங்கியதிலிருந்து ஆளுக்கொரு விதமாக 'டிபன்' என்று கேட்டுக் கேட்டு வந்தவனுக்கு அந்தச் சொல்லே வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. ஏற்கெனவே லாட்ஜில் ஆறு இட்லி சாப்பிட்டிருந்ததை மறைத்து, இல்லையம்மா என்று பொய் சொன்னேன். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வந்தன. கூடவே, மேலே ஒற்றை இறால் பதித்துப் பொரித்த வாடா. எங்கள் ஊரில் சோறும் குழம்பும் விற்கும் நாசி கண்டார் கடைகளில் குழம்பை ஊற்று ஊற்று என்று கேட்டு வாங்க வேண்டும். இங்கே போதும் போதும் என்று கையை வைத்து மறைத்தால் கை மேலேயே ஊற்றிவிடுகிறார்கள்.

டீச்சர் கல்லூரியிலிருந்து பதினொரு மணிக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். செருப்பைக் கழற்றும்போதே, "மின்சாரம் பன்னெண்டு மணிக்குப் போயிரும், அதுக்குள்ள பேசிருவோம்" என்றார்.

கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் கேடயங்கள். ஆறு நாடுகளிலிருந்து வந்தவை, மரத்தில், பித்தளையில், கண்ணாடியில். மிதவையைப் பயன்படுத்திய ஆய்வகங்கள் எல்லாம் எங்கள் பேராசிரியரைப் போலவே யோசித்திருக்கின்றன. உள்நாட்டுக் கல்லூரிகள் பொன்னாடை போர்த்தியிருக்கின்றன. அந்தப் பொன்னாடைகளை அம்மா வீணாக்கவில்லை. கணினித் திரைக்கு ஒன்று, மிக்சிக்கு ஒன்று, தையல் மெஷினுக்கு ஒன்று என்று சரிகை தெரிய உறை தைத்துப் போட்டிருந்தார். மின்சாரம் போனால் கணினியைத் தாங்கும் பேட்டரிப் பெட்டிதான் இருப்பதிலேயே நல்ல சரிகை போட்டுக்கொண்டிருந்தது. ஆனால் அதற்குள் பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. மின்சாரம் போன பிறகு நான்கு நிமிடம்தான் தாங்குமாம்.

நான் எழுந்து நின்று, பேராசிரியர் சொல்லிக்கொடுத்த வாழ்த்துரையை ஒப்பித்து, கேடயத்தைக் கொடுத்தேன். டீச்சர் சிரிக்காமல் வாங்கிக்கொண்டார். அம்மா அதை வாங்கிக் கையில் எடை பார்த்தார்.

"நல்ல கனமா இருக்கு தம்பி. கடக்காத்துல கொல்லக் கதவு அடிச்சுக்கிட்டே கெடக்கு. முட்டுக் குடுக்கலாம்."

கேடயம் பதவியேற்றுக்கொண்டது. அடுத்துக் கடிதத்தை நீட்டினேன். டீச்சர் கணக்கு விடைத்தாள் திருத்துகிற மாதிரி இரண்டு முறை படித்தார்.

"மூணு வருசம் நான் தடையில்லாமப் பாத்துக்கணும். சரி. உங்க விண்ணப்பத்துல செலவுப் பட்டியல் இருக்குமே, அதுல மென்பொருள்னு ஒரு வரி வருமே. அதுல என்ன போட்டுருக்கீங்க?"

அந்தப் பட்டியலைத் தயாரித்தவன் நான். அந்த வரியில் 'செலவு இல்லை' என்று எழுதியதற்காகப் பேராசிரியர் என்னைத் தட்டிக்கொடுத்திருந்தார். அந்தப் பெருமையோடு அந்த நிமிடம் வரை இருந்தேன். டீச்சரிடம் அதைச் சொல்லும்போது குரல் தானாகவே இறங்கிவிட்டது.

"ஒண்ணும் தப்பில்லங்க, எல்லாரும் அதான் போடுறாங்க" என்றவர் உள்ளே போய் ஒரு கோப்போடு வந்தார். மிதவையைப் பற்றி வந்த மின்னஞ்சல்களின் அச்சுப் பிரதிகள். கோப்பைப் புரட்டி ஒன்றை எடுத்து, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கிச் சத்தமாகப் படித்தார்.

"'தங்கள் மென்பொருள் எங்களது பொன்னான நேரத்தை வீணடிக்கிறது. உடனே சரிசெய்து, நாளைக்குள் தெரிவிக்கவும்.' மூணு ஆச்சரியக்குறி. கீழ உங்க பேருதான் இருக்கு."

அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். இடியாப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று யோசித்திருப்பார்.

"அத சரிபண்ணுனப்ப எனக்குக் காய்ச்சல்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீச்சர் விஷயத்துக்கு வந்தார். சார்ஜாவில் இருக்கும் அவருடைய அண்ணன் அங்கே ஒரு பள்ளியில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். ஐந்து மடங்கு சம்பளம். அம்மாவையும் கூட்டிப் போகலாம். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை என்பதால் வியாழன் மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். போய்விட்டால் மிதவையைத் தொட நேரம் இருக்காது. இங்கேயே இருந்தாலும் இப்போது விடிகாலைத் தொழுகைக்கும் கல்லூரிப் பேருந்துக்கும் நடுவில் கிடைக்கிற ஒன்றரை மணி நேரம்தான் மிதவைக்கு.

"எனக்குச் சம்பளம் வேணாம். எங்க காலேஜுக்கு யாராவது ஒரு தொகை குடுத்தா, என் பீரியட்ல பாதிய வேற ஆள வச்சு எடுத்துருவாங்க. பிரின்சிபால் சரின்னுட்டாரு. அந்த யாராவதுதான் அஞ்சு வருசமாக் கெடைக்கல. நேரமில்லாம நான் எப்புடி மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போடுறது?"

மின்சாரம் போனது. பேட்டரி கீச்சென்று கத்த ஆரம்பித்தது. நான் கிளம்பினேன்.

புதன்கிழமை பட்டினச்சேரி என்ற மீனவர் குப்பத்துக்குப் போனேன். மிதவையின் கணக்குச் சரியா என்று எப்படிப் பார்க்கிறீர்கள் என்று நான் கேட்டிருந்ததற்கு, கலியபெருமாள் என்பவரைப் போய்ப் பாருங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். செல்வம் கடற்கரை வரைக்கும் கொண்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்து, வாக்கைக் காப்பாற்றும் ஆவேசத்தில் மணலுக்குள்ளேயே இறக்கிவிட்டார். மூன்று சக்கரமும் புதைந்தன. ஆறு பேர் வந்து ஆட்டோவைத் தூக்கினார்கள். படகு தூக்கிப் பழகியவர்கள் என்பதால் ஆட்டோவையும் கடலைப் பார்த்தே தள்ளிக்கொண்டு போக, செல்வம் அலறிக்கொண்டே பின்னால் ஓடினார்.

தூக்கியவர்களில் ஒருவர்தான் கலியபெருமாள். பைபர் படகு ஒன்றின் சொந்தக்காரர். படகோரத்தில் வெள்ளை பிளாஸ்டிக் டப்பாக்கள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணும் டீச்சரின் தொலைபேசி எண்ணும் எழுதியிருந்தது. மாதத்துக்கு ஒருமுறை அவற்றைக் கடலில் சொன்ன இடத்தில் போட்டுவிட்டு வருவார்கள். எந்த ஊரில் எவர் கண்டெடுத்தாலும் டீச்சருக்குப் போன் வரும். மிதவை சொன்ன இடமும் டப்பா ஒதுங்கிய இடமும் எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று டீச்சர் பார்ப்பார்.

"மொதல்ல ஆத்து மொகத்துவாரத்துக்கிட்ட கணக்கு தப்பாவே வந்துச்சு. கச்சான் காத்து அடிக்கிறப்ப இங்க தண்ணி வேற மாதிரி திரும்பும்னு நாங்க சொன்னோம். டீச்சரு மாத்திட்டாங்க" என்றார் கலியபெருமாள்.

கச்சான் என்றால் மேல்காற்று. எங்கள் ஆய்வகம் போன ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், கரையோரக் கணிப்பு வியக்கத்தக்க அளவு துல்லியமாக இருந்தது என்று எழுதி, அதற்கு எங்களுக்கே நன்றி சொல்லியிருந்தோம்.

டப்பா போடுவதற்கு என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். இவர்கள்தான் கொடுக்கிறார்களாம். டப்பா போடப் போகிற நாளில் கறிக்கு என்று கொஞ்சம் சங்கராவோ கிழங்கானோ டீச்சர் வீட்டுக்குப் போய்விடும். இத்தனை நாடுகளில் ஓடுகிற மென்பொருளுக்கு இதுவரை கிடைத்த ஒரே மானியம் அந்த மீன்தான்.

"அது எங்க வழக்கங்க. வர்ற மீன வித்தா, ஆளுக்கு ஒரு பங்கு, போட்டுக்கு ஒரு பங்கு, இஞ்சினுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு."

"வலை சாப்பிடவா போகிறது?"

"சாப்புடாது. கிழியுமுல்ல? பங்கு வைக்கலன்னா எத வச்சுத் தைக்கிறது? தைக்கலன்னா அடுத்த நாளு எல்லாப் பங்கும் காலி. சரி, உங்க ஆராய்ச்சியில யாரு யாருக்குப் பங்கு?"

சொன்னேன். ஆய்வுப் படகு, நுண்ணோக்கி, இரண்டு ஏசி, என் சம்பளம், போர்ச்சுகலில் ஒரு மாநாட்டுக்கு நான் போய்வரச் செலவு.

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "ரூமு குளுமைக்கே ரெண்டு பங்கு இருக்கு. வலைக்கு இல்லீங்களா?"

கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை. நான் ஏதோ விட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று நினைத்து, மீதியைக் காத்திருந்தார். எனக்கு அங்கேயே மணலில் ஆட்டோவோடு புதைந்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

திரும்பும் வழியில் செல்வத்தை ஒரு தொலைபேசிக் கடையில் நிறுத்தச் சொல்லிப் பேராசிரியரை அழைத்தேன். அவர் சீனர், ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"கையெழுத்து வாங்கிவிட்டாயா?"

"பட்டியலில் ஒரு வரி சேர்க்க வேண்டும், சார். மென்பொருள் பராமரிப்பு."

"அதுதான் இலவசமாயிற்றே."

"வலைக்கும் ஒரு பங்கு வேண்டும்."

"யாருக்கு?"

நான் முழுக்கதையையும் சொன்னேன். கண்ணாடிக் கூண்டுக்குள் மீட்டர் சிவப்பு எண்களில் ஓடியது. மொத்தத் தொகை கூடக்கூடாது, எதையாவது எடுத்துவிட்டுத்தான் எதையாவது சேர்க்கலாம் என்றார். ஏசியை எடுக்கலாமே என்றேன்.

"ஏசியைத் தொடாதே. உன் போர்ச்சுகலைத் தொடு."

நான் அதற்கு முன் விமானத்தில் மேற்கே போனது காரைக்காலுக்கு மட்டும்தான். ஒரு நிமிடம் யோசித்தேன். மனசார என்று சொல்லமாட்டேன், ஆனாலும் சரி என்றேன். வெளியே வந்ததும் முகத்தைப் பார்த்த செல்வம், மீதிப் பாதிப் பரிகாரத்தை இன்றைக்கே முடித்துவிடலாமா என்று கேட்டார்.

வியாழக்கிழமை மாலை டீச்சர் வீட்டில் புதுப் பட்டியலைக் காட்டினேன். 'மென்பொருள் பராமரிப்பு' என்ற வரியை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். காகிதத்தில் அப்படி ஒன்றை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று தெரிந்தது. பிறகு கணக்கு டீச்சராக மாறினார்.

"இது விண்ணப்பம்தானே. கமிட்டி வேணாம்னுட்டா?"

"அதெல்லாம் சொல்லமாட்டார்கள். அப்படியே சொன்னாலும் நான் இருக்கிறேன், டீச்சர்."

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினார். எழுதி என் பக்கம் திருப்பி வைத்தார். நிதி வராவிட்டால், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மூன்று மணி நேரம் மிதவைக்காக வேலை செய்ய நான் சம்மதிக்கிறேன் என்று இருந்தது.

"எனக்கு அவ்வளவாக நிரல் எழுத வராதே."

"மெயில் எழுத வருதுல்ல? அந்தச் சுறுசுறுப்பு போதும். வர்ற மெயிலுக்கெல்லாம் நீங்க பதில் போட்டாலே எனக்குப் பாதி நேரம் மிச்சம்."

கையெழுத்துப் போட்டேன். அவர் என் கடிதத்தில் 'மூன்று ஆண்டுகள்' என்பதை அடித்து 'ஓர் ஆண்டு' என்று திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு போனை எடுத்துச் சார்ஜாவில் இருக்கும் அண்ணனிடம் பேசினார்.

"நானா, நான்தான். இல்ல, வரல. கோவமெல்லாம் இல்ல நானா. ஒரு வருசம் பாக்குறேன். ஆமா, உம்மாவும் இங்கதான்."

அம்மா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சார்ஜாவில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. போகிற நினைப்பில் அவர்களுக்கு வாங்கி வைத்திருந்த துணிப்பொட்டலங்களைக் கட்டிலிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்தார். நான் விடைபெறும்போது என் கையில் ஒரு டப்பா வாடாவைத் திணித்துவிட்டு, மகள் காதில் விழாதபடி கேட்டார்.

"அந்தப் பணம் வந்துருமுல்ல தம்பி?"

"வந்துவிடும்மா" என்றேன்.

மானியம் கிடைத்தது. கடிதம் வந்த அன்று ஆய்வகத்தில் கேக் வெட்டினோம். கேக்கைத் தின்றுகொண்டே இணைப்பைப் படித்தேன். படகுக்கு ஒப்புதல், நுண்ணோக்கிக்கு ஒப்புதல், இரண்டு ஏசிக்கும் ஒப்புதல். ஒரே ஒரு வரியை அடித்திருந்தார்கள். 'இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளுக்கு நிதி ஒதுக்கத் தேவையில்லை' என்று ஓரத்தில் குறிப்பு. அதை எழுதியவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சில மாதங்களுக்கு முன்னால் நானே எழுதியிருக்கக்கூடிய வாசகம்தான் அது.

இரண்டு நாள் நான் காரைக்காலுக்குப் போன் செய்யவில்லை. அந்த அம்மாவிடம் சொன்ன ஒற்றைச் சொல் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் பேசினேன். குறிப்பை வார்த்தை மாறாமல் படித்துக் காட்டினேன். மன்னிப்பும் கேட்டேன். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு தரம் ஹலோ சொன்னேன்.

"இருக்கேன், இருக்கேன்" என்றார் டீச்சர். "உம்மாட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க சொல்ல வேணாம்."

பிறகு தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கெழமை எத்தன மணிக்கு? உங்க ஊரு நேரமா, எங்க ஊரு நேரமா?"

"உங்க ஊர் நேரம்" என்றேன்.

"அப்ப காலையில ஆறு மணி. மெயில் நெறையக் கெடக்கு."